இரும்புக்குற்றியா, மரமூடா: கொப்பு இறக்கும் கயிறு பற்றி

மே 11

கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே: "அண்ணே, நீங்க மரமூட்டுல கட்டி வச்சிருக்க அந்த இரும்புக் குழாயைப் படத்துல பார்த்தேன். எங்க அப்பா முப்பது வருஷமா அயனியும் பலாவும் இறக்குறாரு. மூட்டுல ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சா ஆனையே நிக்கும்னு சொல்லுவாரு. பின்ன எதுக்கு இந்தச் செலவு, ஸ்டைலுக்கா?"

ஸ்டைலுக்கு இல்லை மக்கா, என் உள்ளங்கைக்கு. வெட்டுகிற கொப்பைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை மூட்டில், அதாவது அடிமரத்தில், சுற்றிப் பிடித்து இறக்கித்தான் நானும் தொடங்கினேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்துப் போன மறுநாள் ரப்பரும் அயனியும் வீட்டு மேலெல்லாம் சாய்ந்து கிடந்தன. கையில் வெட்டுக்கத்தி, கடன் வாங்கிய மெஷின் வாள், கிணற்றுக்கு வைத்திருந்த கயிறு, இவ்வளவுதான் எங்கள் முதலீடு. அப்போது மூட்டில் சுற்றிய கயிறு எத்தனை பிடிக்கும் என்று ஒரு நாளும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. பட்டை சொரசொரப்பாக இருந்தால் கடித்துக்கொண்டு நிற்கும், கீழே நாம் கயிற்றை உதறி உதறி ஊட்ட வேண்டும். அப்புறம் பட்டை உரிந்தால் போதும், ஒரே ஓட்டம். பலாவில் பால் ஒட்டி இன்னொரு கூத்து. இரும்பில் அப்படி இல்லை. நேற்று ரெண்டு சுற்று பிடித்ததைத்தான் இன்றும் ரெண்டு சுற்று பிடிக்கும். நான் காசு கொடுத்தது அதற்கு.

மே 11, இரவு

எந்தக் குழாய் என்று நாலு பேர் கேட்டாச்சு. போர்ட்டாராப் என்று பெயர். ஏறக்குறைய ஒரு முழத்துக்குள் அடங்கும். ஒரு தலையில் ஸ்லிங் (மரத்தில் கட்டும் கயிறு) மாட்டும் கண், மறுதலையில் கொம்பு மாதிரி வளைவு, நடுவில் வழவழப்பான குழாய், கயிறு வழுவிப் போகாமல் ஒரு முளை. ஸ்லிங்கை மரமூட்டில் இறுக்கிக் கட்டி இதை அதில் மாட்டிவிட வேண்டியது. கொப்பில் கட்டிய கயிறு மேலே கப்பி வழியாக இறங்கி, வளைவுக்குள் நுழைந்து, குழாயில் இத்தனை சுற்று என்று சுற்றி நம் கைக்கு வரும். சுற்றைக் கூட்டவும் குறைக்கவும் மரத்தைச் சுற்றி ஓட வேண்டாம், நின்ற இடத்திலேயே கயிற்றை எடுத்துப் போடலாம். புளிமூடு போல நாலு பேர் கட்டிப்பிடிக்கும் மரமாக இருந்தால் இந்த ஒரு சௌகரியத்துக்கே வாங்கலாம்.

மூட்டோடு பட்டையால் வரிந்து கட்டுகிற பெரிய உருளைகளும் உண்டு. அது கனத்த தடிக்கு.

மே 12

குளச்சல் அண்ணாச்சி சிரிக்கிறார். "இதைத்தாண்டே நாங்க ஜெட்டியில குற்றின்னு சொல்லுவோம், போட்டையே ரெண்டு சுத்துல நிப்பாட்டுவோம்" என்கிறார். சரிதான் அண்ணாச்சி. எங்கள் பையன்களும் அதைக் குற்றி என்றுதான் சொல்கிறார்கள். போர்ட்டாராப் என்று கத்தினால் மரத்தின் மேல் இருப்பவனுக்குப் பாதிதான் கேட்கும். இனி நானும் குற்றி என்றே எழுதுகிறேன்.

மே 14

நாகர்கோவிலில் இயற்பியல் எடுக்கும் சார் ஒருவர் கணக்கே போட்டு அனுப்பிவிட்டார். ஆய்லர் பெயரில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற கணக்காம். முக்கியமான விஷயம் இது: ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு மூன்றரை மடங்கு, ரெண்டுக்கு 12 மடங்கு, மூன்றுக்கு 43 மடங்கு.

200 கிலோ கொப்பு தொங்குகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுப் போட்டால் நான் 57 கிலோ பிடிக்க வேண்டும், பிடிக்க மாட்டேன், அதோடு சேர்ந்து நானும் குற்றிப் பக்கம் இழுபட்டுப் போவேன். ரெண்டு சுற்றில் 16 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று சுற்றில் 5 கிலோகூட இல்லை.

ரெண்டு சுற்றில் ஆனை நிற்கும் என்றாரே தம்பியின் அப்பா, பட்டையில் 0.2ஐ விடக் கெழு கூடும் என்பதால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனை எத்தனை கிலோ என்று சார் கேட்கிறார். அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மே 15

நேற்று ஒருவர் தனியாகக் கேட்டதற்கு, பருமனான குழாய் என்றால் பிடி கூடும் என்று நான் சொல்லிவிட்டேன். தப்பு. சார் இன்று காலையிலேயே காதைத் திருகிவிட்டார். கணக்கில் விட்டமே வராது, சுற்றிய கோணம் மட்டும்தான். விரல் பருமன் கம்பியில் ரெண்டு சுற்றும் பானை பருமன் உருளையில் ரெண்டு சுற்றும் கணக்குப்படி ஒன்றே. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, ஆனால் அரை மணி நேரம் பைப்பை மாற்றி மாற்றிச் சுற்றி ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அவர்தான் சரி.

பருமன் எதற்கு என்றால் கயிற்றுக்கு. ஒல்லிக் கம்பியில் கயிறு ஒடிகிற மாதிரி மடங்கும், சூடும் ஒரே இடத்தில் சேரும்.

மே 20

மூன்று சுற்றுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். குற்றி வாங்கிய புதிது. இரணியலுக்கு உள்ளே ஒரு ஓட்டு வீடு, சமையலறைக்கு மேலே அயனிக் கொப்பு. மூட்டில் ஒரு சாண் கனம், நீளம் அஞ்சு மீட்டர் வரும், 150 கிலோ என்று மனசில் போட்டேன். மேலே மச்சினன். கொப்பை வெட்டுமூட்டுப் பக்கம் கட்டி, கப்பியை அதே மரத்தில் ரெண்டாள் உயரம் மேலே வைத்திருந்தான். நான் கீழே கயிறு. பயம். ஓட்டு மேலே இறங்கிவிட்டால்? மூன்று சுற்றுப் போட்டேன், போதாததற்குக் கயிற்றில் ஒரு முழம் தளர்வு கிடந்ததையும் இழுத்து எடுக்கவில்லை.

வாள் சத்தம் நின்றது. கொப்பு முறிந்து ஒரு முழம் வந்தது, அவ்வளவுதான், டங்கென்று நின்றுவிட்டது. குற்றி ஸ்லிங்கோடு ஒரு துள்ளுத் துள்ளியது. மேலே பார்த்தால் மரம் வில் மாதிரி வளைந்து நிமிர்கிறது, மச்சினன் இடுப்புக் கயிற்றில் காற்றில் ஆடும் துணி போல அந்தப் பக்கம் இந்தப் பக்கம். நின்ற கொப்பு சும்மா நிற்குமா, ஊஞ்சல் ஆடி நுனியால் மோட்டு ஓட்டை ஒரு வரி வழித்துக்கொண்டு போனது. நான் கயிற்றை விட்டுப் பார்க்கிறேன், இறங்கவே இல்லை. மூன்று சுற்றில் அது தானாக ஓடாது, ஊட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா சட்டியோடு வெளியே வந்தார்கள். சாளைக்கறிக்குள் செங்கல் நிறத்தில் ரெண்டு ஓட்டுத் துண்டு கிடந்தது. கறி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுக்குக் காசு கொடுத்தோம், கறிக்கும் சேர்த்து நீட்டினோம். மச்சினன் இறங்கிவந்து கட்டன் சாயா குடித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கில் திங்கள்சந்தை தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து சொன்னான்: "அத்தான், நான் உங்களைப் பிடிக்கவா சொன்னேன், இறக்கத்தானே சொன்னேன்?"

இன்றைக்கும் புதுப் பையன் யாரைக் கயிற்றில் நிறுத்தினாலும் நான் சொல்லிக்கொடுப்பது மச்சினன் சொன்னதைத்தான்.

மே 21

தப்பு மூன்று சுற்றில் இல்லை, தளர்வில்தான் என்று அருமனைக்காரர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். தளர்வை எடுத்திருந்தால் டங் சத்தம் குறைந்திருக்கும். ஆனாலும் கொப்பு ஓட்டு உயரத்திலேயேதான் நின்றிருக்கும், ஊஞ்சலும் ஆடியிருக்கும்.

சாளைக்கறி எத்தனை ரூபாய் என்று கேட்டவருக்கு: கறிக்கு அந்த அம்மா வாங்கவில்லை. சட்டிக்கு வாங்கினார்கள்.

ஜூன் 3

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது, வேலை இல்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

கொப்பை டங்கென்று பிடிக்காமல், கயிற்றை ஓடவிட்டு மெதுவாக நிறுத்துவது என்றால் என்ன என்று பலருக்குப் பிடிபடவில்லை. தென்னையை எடுத்துக்கொள்வோம். வேர்வாடல் வந்த தென்னை, ரெண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கிறது, சாய்க்க இடம் இல்லை. மண்டையை இறக்கியாச்சு, இனி தடியைத் துண்டு துண்டாக. தென்னையில் கவட்டை கிடையாது, வெட்டுகிற துண்டுக்குக் கீழேதான் கப்பியைக் கட்ட முடியும். அதனால் துண்டு கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு இழுபடும். இங்கேதான் ஆபத்து முழுக்க.

எடைக்கு நான் வைத்திருக்கும் குறுக்கு வழி: பச்சை மரம் ஏறக்குறையத் தண்ணீர் எடை. 30 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் 70 கிலோ. விட்டம் ரெண்டு மடங்கானால் எடை நாலு மடங்கு, 60 செ.மீ. தடி ஒரு மீட்டர் 280 கிலோ. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கண்ணுக்கு ரெண்டு மடங்காகத்தான் தெரியும்.

சரி, 100 கிலோ துண்டு ஒரு மீட்டர் விழுகிறது. கீழே இருப்பவன் கயிற்றை இறுக்கிக் கால் மீட்டருக்குள் நிறுத்துகிறான். கயிற்றில் வரும் இழுப்பு சராசரியாக 500 கிலோ, உச்சம் அதற்கும் மேலே. அதே துண்டை ஓடவிட்டு, ரெண்டு மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் 150 கிலோ. துண்டும் அதேதான், கயிறும் அதேதான். நின்ற தூரம் மட்டும் மாறியது.

இதில் கப்பியின் கணக்கு தனி. கப்பியின் ஒரு பக்கம் துண்டு இழுக்கிறது, மறுபக்கம் குற்றிக்குப் போகும் கயிறும் அதே அளவு கீழே இழுக்கிறது. ஆக மரத்தில் கப்பி கட்டின இடத்துக்கு ரெண்டு மடங்கு. 500 ஆயிரம் ஆகும், 150 முந்நூறு ஆகும். அந்த ஆயிரம் கிலோ ஆட்டம் ஆடுகிற தடியில்தான் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

சுசீந்திரம் மார்கழித் தேருக்குப் போனவர்கள் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். வடத்தை அத்தனை பேர் இழுக்கும்போது அவர்கள் கட்டையைச் சரித்துத்தான் கொடுப்பார்கள், சக்கரம் அதில் ஏறித் தேய்ந்து தேய்ந்து வரும். சுவர் மாதிரி ஒன்றைக் குறுக்கே போட்டால் தேர் என்ன ஆகும்? கயிற்றுக்காரன் வேலை அந்தக் கட்டைக்காரன் வேலை.

ஜூன் 4

மேலே எழுதியதை மச்சினன் படித்தான். "அப்ப கப்பி இல்லாம கவட்டை வழியா கயிறு விட்ட நம்ம பழைய முறைதான் மரத்துக்கு நல்லதா?" என்கிறான். இதை யோசித்து யோசித்து ராத்திரி தூக்கம் போச்சு.

ஒரு வகையில் ஆமாம். கவட்டையில் கயிறு உராய்ந்து போவதால் பாதி இழுப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று வைத்தால், 200 கிலோ கொப்புக்குக் கீழே வரும் கயிற்றில் 100 கிலோதான். கவட்டைக்கு மொத்தம் 300. கப்பி வைத்தால் 400. பட்டுப்போன மரத்தில் அந்த 100 கிலோ சின்ன விஷயம் இல்லை. ஆனால் கவட்டையில் எவ்வளவு உராய்வு என்பது மறுபடியும் குலுக்கல் சீட்டுதான், கயிறும் தேய்ந்து பஞ்சாகும். ஸ்லிங்கில் கோத்த கனத்த அலுமினிய வளையத்தைக் கப்பிக்குப் பதிலாகப் போடுகிறவர்கள் உண்டு. வழவழப்பும் இருக்கும், கொஞ்சம் உராய்வும் மேலேயே கிடைக்கும். எங்களிடம் ஒன்று இருக்கிறது, சின்னக் கொப்புகளுக்கு இப்போது கப்பியை எடுப்பதே இல்லை.

ஒக்கிக்குப் பிந்தைய அந்த மாதங்களில் ஒன்றும் தெரியாமல் கவட்டையில் விட்டதுதான் எங்களைக் காப்பாற்றியதோ என்று இப்போது படுகிறது.

ஜூன் 18

மழையில் வேலை செய்யலாமா? ஏறுகிறவன் வழுக்குவான், அதனால் வேண்டாம். ஆனால் தூறலில் மாட்டிக்கொண்டோம், முந்தாநாள், குலசேகரத்துக்கு மேலே. நனைந்த கயிறு குற்றியில் சோப்புப் போட்ட மாதிரி. வழக்கமாக ஒன்றரைச் சுற்றுப் போடும் கொப்புக்கு ரெண்டரை போட்டேன். முதல் கொப்பைச் சின்னதாக வெட்டச் சொல்லி, எத்தனை சுற்று வேண்டும் என்று அதில் பார்த்துக்கொள்வது நல்லது. காய்ந்த நாளிலும் நான் இப்படித்தான்.

கயிறு விஷயமும் இதிலேயே. கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு இருக்கிறதே, அதைக் குற்றியில் போடாதீர்கள். பாலிப்ரோப்பிலீன் 165 டிகிரிக்குள் உருகிவிடும். பாலியஸ்டருக்கு 250 தாண்ட வேண்டும். நாலு கொப்பை மளமளவென்று இறக்கிவிட்டுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். கயிற்றின் மேல்தோல் ஒரு இடத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கிக் கடினமாக இருந்தால் அந்தக் கயிறு இனி வேலிக்குத்தான். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் மூன்றில் ஒன்றாவது போய்விடும், அதனால் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் தொங்கவிடுவதில்லை.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிக்காதீர்கள். காலடியில் கிடக்கும் வளையத்துக்குள் நிற்காதீர்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று என் இடது கட்டைவிரலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 7

வெல்டிங் பட்டறையில் ஜிஐ பைப்பில் செய்துகொள்ளலாமா என்று ஏழாவது ஆள் கேட்கிறார். செய்தேன். அசல் குற்றி வாங்குவதற்கு முன்னால், தக்கலைப் பக்கம் ஒரு பட்டறையில். பார்க்க அழகாக இருந்தது. முளை ஒட்டின இடத்தில் வெல்டிங் கட்டி அரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது கொப்பில் கயிற்றின் ஒரு புரி முழுக்க அரிந்துபோயிருந்தது, அன்றைக்கு ரப்பர் கொப்பாக இருந்ததால் தப்பித்தோம், கனம் குறைவு. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் நான் சொன்னது "ஒரு பைப்பில் ரெண்டு கம்பி வை" என்றுதான். எத்தனை கிலோவுக்கு என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அரத்தால் ராவிச் சரி செய்யலாம்தான். ஆனால் உள்ளே வெல்டிங் பிடித்திருக்கிறதா என்று ராவிப் பார்க்க முடியாது. அது இப்போது வீட்டில் பசுவின் கயிறு கட்டும் குற்றி.

ஜூலை 29

கருங்கல் தம்பி வீட்டுக்கே போய்விட்டேன். அவர் அப்பா ஒரு பலாவை இறக்கப்போகிறார், வந்து பாருங்கள் என்றார். போகாமல் இருக்க முடியுமா?

மே 11 அன்று மூட்டில் சுற்றினால் எத்தனை பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன், இவரைப் பொறுத்தவரை. பெரியவர் முதலில் கோடாலியால் மூட்டில் ரெண்டு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் செத்தி எடுத்துவிட்டார். வெட்டப்போகிற மரம்தானே. உள்ளே வெள்ளையாக, ஈரமாக, வழவழவென்று. அதன்மேல் ரெண்டு சுற்று. கொப்பு விழத் தொடங்கியதும் கயிற்றோடு மரத்தைச் சுற்றி நடந்தார், அவ்வளவுதான். நாலு எட்டு இந்தப் பக்கம் வைத்தால் பிடி கூடுகிறது, திரும்பி நாலு எட்டு வைத்தால் ஓடுகிறது. கால் சுற்று, அரைச் சுற்று என்று காலால் அளக்கிறார். சார் சொன்ன கோணக் கணக்கு முழுவதும் அவர் நடையில் இருந்தது. கொப்பு வாழைக் கன்றுகளுக்கு நடுவில் ஒரு இலைகூடக் கிழியாமல் வந்து உட்கார்ந்தது.

கனத்த கொப்புக்கு என் குற்றியைக் கட்டிக் கொடுத்தேன். சந்தேகமாகத்தான் வாங்கினார். முதல் கொப்பில் கை பழகாமல் ஒரு சுற்றுக் கூடப் போட்டு, என்னைப் போலவே நடுவில் நிறுத்திவிட்டார். "எடே, இது போகமாட்டேங்குதே!" ரெண்டாவதில் சரியாக இறக்கினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூட்டைச் செத்த வேண்டாம், அந்த வேலை மிச்சம் என்றார், அப்புறம் நடக்க முடியாதது ஒரு மாதிரி இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 2

தம்பிக்கு ஒரு குற்றி சொல்லியாச்சு. ஸ்லிங் எப்படிக் கட்டுவது என்று கேட்டிருந்தார். மூட்டில் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கு. தளர்ந்திருந்தால் இழுப்பு வரும்போது குற்றி ஒரு முழம் மேலே துள்ளும், நின்றால் தாடை போகும். கப்பிக்கு நேர் கீழே வருகிற பக்கத்தில் வை, கயிறு சாய்ந்து இழுக்கக் கூடாது. நீ நிற்கும் இடம் கொப்பு வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் சுற்றுப் போடக் குனிய வேண்டாம். அப்பா உயரம் வேறு, அவருக்குத் தனியாகப் பார்த்துக்கொள்.